கழுவேலிக்குப் போன இரண்டு சைக்கிள்களும் ஒரு சிறவியின் கால் வளையமும்

மரக்காணம் பக்கம் கழுவேலி ஏரிக்குச் சைக்கிளில் போக முடியுமா என்று சென்ற மாதம் இருவர் கேட்டு எழுதியிருந்தார்கள். முடியும். நான் போயிருக்கிறேன். ஆனால் அது எண்பதுகளின் நடுவில், ஒரு தை மாதத்தில். அன்று கிழக்குக் கடற்கரைச் சாலை என்று ஒன்று கிடையாது. திருவண்ணாமலை வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. இன்றைக்குப் பயன்படும் தகவல்களைக் கடைசிப் பகுதியில் தருகிறேன். அதற்கு முன் நாங்கள் போன கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. மழைக்காலம் முடிந்தால் வேங்கிக்கால் ஏரியில் வாத்து போன்ற சிறிய பறவைகள் கூட்டமாக வந்து இறங்கும். மாசி கடைசியில் ஒன்றுகூட இருக்காது. எங்கிருந்து வருகின்றன என்று வகுப்பில் கேட்டார்கள். பாடப்புத்தகத்தில் ஒரே ஒரு வரி இருந்தது, “சில பறவைகள் வலசை செல்லும்” என்று. அதையே இரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வருடம் எனக்கே கூச்சமாக இருந்தது.

என்னோடு வேலை பார்த்த கணக்கு டீச்சர் சகீனா. அவளுடைய அத்தா தேரடித் தெரு பக்கம் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தார். பொங்கல் விடுமுறையோடு இரண்டு நாள் விடுப்பு சேர்த்துக் கடலோரம் வரைக்கும் போய்ப் பறவைகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நான் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான்.

“பஸ்ஸுலயா, சைக்கிள்லயா?”

“பஸ்ஸுல போனா ஏரிக்கரையில எறக்கி விடமாட்டாங்களே.”

“அப்ப சைக்கிள்தான். அத்தாகிட்ட நான் பேசிக்கறேன்.”

அத்தா மூன்று நாள் யோசித்தார். நான்காம் நாள் கடையின் இரண்டு நல்ல சைக்கிள்களைத் தனியாக நிறுத்தி, பேரிங் மாற்றி, கிரீஸ் போட்டு வைத்திருந்தார். ஒரு நிபந்தனை மட்டும் விதித்தார். “வெளிச்சம் போறதுக்குள்ள தெரிஞ்சவங்க வூட்டுக்குள்ள இருக்கணும். அது முடியாதுன்னா போகாதீங்க.” எங்கள் வழி அப்படித்தான் அமைந்தது. எந்த ஏரி எங்கே இருக்கிறது என்பதைவிட யார் வீடு எங்கே இருக்கிறது என்பதை வைத்துத்தான் வரைபடம் போட்டோம்.

முதல் நாள் காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். நான் லேடீஸ் சைக்கிளில், சகீனா பார் வைத்த சைக்கிளில். இருவரும் சுடிதார். எனக்கு அது இரவல். கேரியரில் ஆளுக்கொரு பை, என் பையில் ஒரு பைனாகுலர். பள்ளி ஆய்வகத்தில் தூங்கிக்கொண்டிருந்ததைத் தலைமையாசிரியையிடம் எழுதிக் கொடுத்து வாங்கியது. கீழ்பென்னாத்தூரில் டீ, ஐம்பது பைசா. அங்கே கடைக்காரர் எங்களையும் சைக்கிளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “எங்கமா போறீங்க?” என்றார். பறவை பார்க்கப் போகிறோம் என்றேன். “அத்தெ பாக்க இன்னாத்துக்கு அவ்ளோ தூரம்? இங்க கொக்கு கீது பாருங்க” என்று வயலைக் காட்டினார். அவர் சொன்னது தப்பில்லை. வழி முழுக்க ஏரி, ஏரிக்கு ஒரு கொக்குக் கூட்டம். நாங்கள்தான் ஒவ்வொன்றுக்கும் இறங்கி நின்று நேரத்தை விட்டோம்.

செஞ்சி முப்பத்தொன்பது கிலோமீட்டர். ஒன்பதே முக்காலுக்குச் சேர்ந்தோம். செஞ்சியிலிருந்து திண்டிவனம் இருபத்தெட்டு. முதல் பாதியை நாலேகால் மணி நேரத்தில் ஓட்டிய எங்களுக்கு இந்த இருபத்தெட்டு நான்கு மணி நேரம் பிடித்தது. காரணம் காற்று. தை மாதத்தில் வடகிழக்கிலிருந்து வீசும். கிழக்கே போகிறவர் முகத்தில்தான் அடிக்கும். சகீனா முன்னால் போவாள், நான் அவள் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு மிதிப்பேன். இரண்டு மைலுக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. அவள்தான் ஜாஸ்தி முன்னால் போனாள். இரவு திண்டிவனத்தில் அவளுடைய பெரியம்மா வீட்டில் வெந்நீர் வைத்துக் கொடுத்தார்கள். படியேற முடியாமல் நான் பின்பக்கமாகத் திரும்பி ஏறியதைப் பார்த்து அந்த வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

இரண்டாம் நாள் மரக்காணம், முப்பத்தைந்து கிலோமீட்டர். என்னோடு ஆசிரியர் பயிற்சி படித்த ரோசலின் வீடு அங்கே இருந்தது. பகல் பன்னிரண்டுக்குப் போய்ச் சேர்ந்து, சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்கு உப்பளத்துப் பக்கம் போனோம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், நடுவில் வரப்பு, வரப்பின்மேல் நீண்ட காலோடு உள்ளான்கள். உள்ளான் என்று பெயர் சொல்லிவிட்டேனே தவிர, அதில் எத்தனை வகை என்று எனக்கு அன்று தெரியாது. ஒன்று அலகைச் சேற்றில் தையல் இயந்திரத்தின் ஊசி போலக் குத்திக்கொண்டே போனது. இன்னொன்று இரண்டு அடி ஓடும், நிற்கும், யோசிக்கும், மறுபடி ஓடும். இருட்டும்வரை நின்றிருக்கலாம். ஆனால் அத்தாவின் நிபந்தனை. ஐந்தரைக்கு ரோசலின் வீட்டில் இருந்தோம்.

மூன்றாம் நாள்தான் கழுவேலி. காலை ஐந்தேகாலுக்குப் புறப்பட்டு, பாண்டிச்சேரி சாலையில் தெற்கே போய், மேற்கே ஒரு மண் பாதையில் திரும்பினோம். மொத்தம் பதினொரு கிலோமீட்டர். ஆறரைக்கு ஏரி தெரிந்தது. ஏரி என்றால் நம் பக்கத்து ஏரி போலக் கரை, மதகு, கலங்கல் எதுவும் இல்லை. தரை போய்க்கொண்டே இருக்கும், எங்கோ ஓரிடத்தில் அது தண்ணீராக மாறியிருக்கும், எந்த இடம் என்று சொல்ல முடியாது. தூரத்தில் தண்ணீர்மேல் கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தது. பைனாகுலரில் பார்த்தேன். பட்டை முழுக்கப் பறவைகள்.

கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இறங்கினோம். தரை வெடித்துக் காய்ந்த மாதிரி இருந்தது. முப்பது நாற்பது அடி போனதும் என் முன்சக்கரம் அச்சுவரை உள்ளே போயிற்று. இழுக்கப் போய், என் வலது கால் முழங்கால் வரைக்கும் இறங்கியது. மற்றொரு காலை ஊன்றினேன், அதுவும் போயிற்று. எனக்குக் கை கொடுக்க வந்த சகீனாவின் செருப்பு சேற்றுக்குள் காணாமல் போனது. நான் அசைய அசைய இறங்கிக்கொண்டிருந்தேன். தொடைவரை வந்தபோதுதான் பயந்தேன். சேறு உள்ளே சில்லென்று இருந்தது, காலைப் பிடித்து உறிஞ்சுகிற மாதிரி.

“அங்கியே நில்லுங்க. காலை ஒதறாதீங்க” என்று ஒரு குரல் கேட்டது. நாணல் பக்கத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். நாற்பது வயது இருக்கும். அரையில் ஒரு துண்டு, தோளில் ஒரு துண்டு. எங்களிடம் ஓடி வரவில்லை, தரையைப் பார்த்து வளைந்து வளைந்து வந்தார். “சைக்கிளைப் படுக்கப் போடுமா. ஆங், அப்படித்தான். இப்ப அது மேல நெஞ்சை வெச்சுப் படு. காலை மெதுவா இழு. அவசரம் வேணாம்.”

சைக்கிள் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு காலை வெளியே எடுக்க எனக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. அடுத்த காலுக்கு அவர் தோள்துண்டை நீட்டி இழுத்தார். வெளியே வந்தபோது என் பையும் நோட்டுப் புத்தகமும் சேற்றில் ஊறிப்போயிருந்தன. பைனாகுலர் கழுத்தில் இருந்ததால் பிழைத்தது.

“பாத்துட்டே இருந்தேன். இன்னாத்துக்கு எறங்குறாங்கன்னு புரியல” என்றார். பெயர் கேட்டேன். ஏழுமலை என்றார். எங்களைக் கெட்டித் தரைக்கு அழைத்துப் போய், பானைத் தண்ணீரில் முகம் கழுவச் சொன்னார். அங்கே அவருடைய சைக்கிள் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் சுருட்டிய வலை. அதன் பக்கத்தில் மூடி போட்ட ஒரு கூடை. கூடைக்குள் ஏதோ அசைந்தது.

மூடியைத் தூக்கிக் காட்டினார். கால் கட்டப்பட்ட ஆறு பறவைகள். பழுப்பு உடம்பு, இறக்கையில் சாம்பல் கலந்த நீலம். வேங்கிக்கால் ஏரியில் நான் எட்ட நின்று பார்த்த அதே பறவை. ஒரு முழத் தொலைவில் அதை அன்றுதான் பார்த்தேன்.

“செறவி. கறிக்குத்தான்” என்றார். ஒளிக்கவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. “பத்து மணிக்கு மரக்காணத்துல ஒருத்தர் வருவாரு. எடுத்துட்டுப் பாண்டி போவாரு.”

சகீனா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “இது கால்ல இன்னா?” என்றாள். ஒரு பறவையின் காலில் வெள்ளை உலோக வளையம் இருந்தது. ஏழுமலையின் முகம் மாறிவிட்டது. மூடியைச் சட்டென்று போட்டார்.

“கவர்மெண்ட் வளையம்மா. இதோட நாலாவது. முன்ன வந்ததைக் கழட்டித் தண்ணியில போட்டுட்டேன். யார்னா பாத்தா கேஸ் ஆயிடும்.” பிறகு எங்களை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். “நீங்க ஆபீஸ்காரங்களா?”

டீச்சர்கள் என்று சொல்லி நம்பவைக்கச் சற்று நேரம் ஆனது. அது போலீஸ் வளையம் இல்லை, பறவை எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள யாரோ மாட்டிவிட்டது, எண்ணை எழுதி அனுப்பினால் பதில் வரும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உண்மையில் நானும் ஒரு பத்திரிகையில் படித்ததுதான், வளையத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. அவர் பெயரை எங்கும் எழுதமாட்டோம் என்று சகீனா சொன்னாள். (இங்கே நான் எழுதியிருப்பதும் அவருடைய உண்மையான பெயர் இல்லை.) மூடியை மறுபடி திறந்தார்.

“இது எங்கேர்ந்துதான் வருது?”

“இமயமலைக்கு அந்தாண்ட.”

“ஏன், அங்க சாப்பாடு இல்லியா?”

“குளிருங்க. தண்ணி கல்லு மாதிரி ஒறைஞ்சு போயிடும்.”

ஒரு பறவையைத் தூக்கி நெஞ்சை அமுக்கிப் பார்த்தார். “அவ்ளோ தூரம் வந்தும் இளைக்கலியே. நல்லா கறி இருக்குதே.”

வளையத்தில் ஆங்கிலத்தில் தகவல் கொடுக்கும்படி ஒரு சொல்லும், பம்பாய் என்ற பெயரும், ஓர் எண்ணும் இருந்தன. நோட்டு நனைந்துவிட்டதால் என் இடது உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். அத்தோடு வேலை முடிந்தது. ஆனால் சகீனா எழுந்திருக்கவில்லை.

“அண்ணே, அந்த வளையம் போட்டதை மட்டும் விட்டுடுங்களேன்.”

“வுடறதுக்கா ராத்திரியெல்லாம் ஒக்காந்து புடிச்சேன்?”

அவர் பேச்சில் கோபம் இல்லை. சகீனா அவருடைய சைக்கிளைப் பார்த்தாள். பின்சக்கரம் தரையோடு தரையாக இருந்தது.

“பஞ்சராண்ணே?”

“நேத்தே போயிட்டுது. தள்ளிக்கினுதான் போவணும். அதான் இப்பவே கெளம்புறேன்.”

“பதினோரு கிலோமீட்டர் தள்ளிட்டுப் போனா பத்து மணிக்கு எப்படிப் போவீங்க? நான் ஒட்டித் தரேன். அதை விட்டுடுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். “அந்தப் பொண்ணுக்கு ஒட்டத் தெரியுமா?”

“எங்க அத்தா சைக்கிள் கடை வெச்சிருக்காரு” என்றாள் சகீனா. அதற்குள் டயர் நெம்புகோலைப் பையிலிருந்து எடுத்துவிட்டிருந்தாள். மணி ஏழு நாற்பது.

நான் அவளைப் பள்ளியில் கரும்பலகை முன்னால் மட்டுமே பார்த்திருந்தேன். அன்று அந்தச் சேற்றங்கரையில், ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாக உட்கார்ந்து, டயரைப் பிரித்து, டியூபை உருவி, காற்றடித்து, பானைத் தண்ணீரில் வளைத்து வளைத்து அமுக்கிக் குமிழி தேடினாள். ஏற்கெனவே ஐந்து ஒட்டு இருந்தது. புதிதாக மூன்று ஓட்டை. எல்லாம் வேலிக்காத்தான் முள். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதி ஊதிக் காயவைத்து ஒட்டினாள். கடைசியில் டயரின் உட்பக்கம் முழுக்க விரலை ஓட்டி, ஒடிந்து நின்ற ஒரு முள்ளைப் பிடுங்கி அவரிடம் காட்டினாள். “இதை எடுக்காம எத்தினி தடவை ஒட்டினாலும் நிக்காதுண்ணே.” மொத்தம் இருபத்தெட்டு நிமிடம்.

ஏழுமலை ஏறி உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இறங்கி, கூடையைத் திறந்து, வளையம் போட்ட சிறவியை எடுத்துக் கால் கட்டைத் தன் பல்லால் அவிழ்த்தார். நான் கையை நீட்டினேன். “நீ வேணாம். எறக்கையை அமுக்கிடுவே. நானே வுடறேன்” என்றார்.

தண்ணீர் ஓரம் கொண்டுபோய் இறக்கிவிட்டார். அது பறக்கவில்லை. சேற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. “காலு மரத்துப் போயிருக்கும்” என்றார். இரண்டு நிமிடம் போயிற்று. ஐந்து நிமிடம் போயிற்று. எங்கிருந்தோ ஒரு பருந்து வந்து மேலே வட்டம் போட ஆரம்பித்தது, ஒவ்வொரு சுற்றுக்கும் தாழ்ந்தபடி. எனக்கு அழுகை வந்துவிட்டது. கூடைக்குள்ளேயே இருந்திருந்தால் அதற்குப் பத்து மணி வரையாவது உயிர் இருந்திருக்கும் என்று தோன்றியது.

ஏழுமலை தோள்துண்டை உருவித் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டு பருந்தைப் பார்த்து “ஓய், ஓய்” என்று கத்தினார். அதை விரட்டிக்கொண்டே இங்கும் அங்கும் நடந்தார். அவருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, எங்களுக்கே தெரிந்தது. பதினொன்றாவது நிமிடம் சிறவி எழுந்து நின்று, இறக்கையை ஒருமுறை விரித்து மடக்கி, தண்ணீர்மேல் நேர்கோடாகப் போயிற்று. தூரத்துக் கறுப்புப் பட்டையில் அது எங்கே சேர்ந்தது என்று பைனாகுலரிலும் தெரியவில்லை. ஏழுமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மற்ற ஐந்தையும் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். சகீனாவிடம் தலையை ஆட்டிவிட்டுப் போனார், அவ்வளவுதான்.

நாங்கள் மேலும் இரண்டு மணி நேரம் கெட்டித் தரையிலேயே உட்கார்ந்து பார்த்தோம். சேறு படிந்த என் சைக்கிளை இருவருமாகக் கழுவித் தேய்த்துத் தள்ளிக்கொண்டு மரக்காணம் வந்து, உள்ளங்கையைப் பார்த்தேன். எண்ணில் ஐந்தாவது இலக்கம் மூன்றா, எட்டா என்று தெரியவில்லை. கைப்பிடியில் உரசி ஒரு பக்கம் அழிந்துவிட்டது. எட்டு என்றாள் சகீனா. மூன்று என்று எனக்கு நினைவு. கணக்கு டீச்சர் சொல்வதைத்தான் நம்ப வேண்டும், ஆனால் எழுதியவள் நான்.

நான்காம் நாள் வேடந்தாங்கல். மரக்காணத்திலிருந்து கிட்டத்தட்ட அறுபது கிலோமீட்டர். நான்கரைக்குக் கிளம்பிப் பதினொன்றரைக்குப் போனோம். தண்ணீருக்குள் நிற்கும் கடம்ப மரங்கள்மேல் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், எல்லாம் கூடும் குஞ்சுமாக. அங்கே கரையோரம் பயிர் வைத்திருந்த ஒருவர், பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம், அதனால் ஊரில் யாரும் வேட்டுப்போட விடமாட்டோம் என்றார். முந்தின நாள் பார்த்த கூடை நினைவுக்கு வந்தது. இவருக்குப் பறவை உயிரோடு இருந்தால் லாபம், அவருக்கு அப்படி இல்லை. இதை நான் அன்று சகீனாவிடம் சொன்னேன். மூன்று மணிக்குப் புறப்பட்டு, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் படாளம் கூட்டுரோட்டில் சைக்கிள்களைப் பஸ் கூரையில் ஏற்றி, வெளிச்சம் இருக்கும்போதே பெரியம்மா வீட்டுக்குத் திரும்பினோம். மறுநாள் காற்று முதுகுப்பக்கம். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை அறுபத்தேழு கிலோமீட்டரும் ஐந்தரை மணி நேரத்தில் முடிந்தது.

நீங்கள் போவதானால் தையிலிருந்து மாசி நடுவரை நல்ல காலம். வேடந்தாங்கலுக்கு மாலை, கழுவேலிக்கு விடியற்காலை. போகும்போது எதிர்க்காற்று, ஆகவே முதல் நாள் தூரத்தைக் குறைத்து வையுங்கள், செஞ்சியிலேயே தங்கலாம். சைக்கிளை ஏரித் தரையில் இறக்காதீர்கள், வெடித்த சேறு காய்ந்த சேறு இல்லை. டியூப் ஒன்று உபரியாக வேண்டும், டயரின் உட்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். கழுவேலியில் இன்று வலை விரிப்பது குற்றம். யாரையாவது பார்த்தால் முதலில் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்.

பம்பாயில் அந்த வளையம் போடுகிறவர்களுக்கு, மூன்று வைத்து ஒன்று, எட்டு வைத்து ஒன்று என இரண்டு எண்களையும் எழுதி அனுப்பினோம். ஆனி மாதம் பதில் வந்தது. இரண்டு எண்ணும் சிறவிகளுக்கே போடப்பட்டவை. மூன்று என்றால் அது கோடியக்கரையில் வளையமிட்ட பறவை. எட்டு என்றால் ராஜஸ்தானில், பரத்பூரில். எது என்று அவர்களாலும் சொல்ல முடியவில்லை.

அடுத்த தையில் பஸ்ஸில் மரக்காணம் போய், ரோசலின் வீட்டுச் சைக்கிள்களை வாங்கிக்கொண்டு நானும் சகீனாவும் ஏழுமலையைத் தேடிப் போனோம். அதே நாணல் பக்கம்தான் இருந்தார். கடிதத்தைப் படித்துக் காட்டினேன். இரண்டு ஊரும் எங்கே இருக்கிறது என்று கேட்டார். தரையில் குச்சியால் இந்தியா வரைந்து காட்டினேன்.

“எது ஜாஸ்தி தூரம்?”

“ராஜஸ்தான்.”

“அப்ப அதான் இது” என்றார்.

பிறகு வேட்டி மடிப்பிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து நீட்டினார். உள்ளே இரண்டு வளையங்கள். சிறவிகள் எங்கே என்று சகீனா கேட்டாள். “அது பாண்டிக்குப் போயிட்டுது” என்றார், கூடையைப் பார்த்தபடி. சகீனா ஒரு வளையத்தை வெளிச்சத்தில் பிடித்து எண்ணை ஒவ்வொன்றாகப் படிக்க, நான் நோட்டில் எழுதினேன். படிப்பு வராத ஏழுமலை என் தோளுக்குப் பின்னால் குனிந்து நின்று, வளையத்தையும் நோட்டையும் மாறிமாறிப் பார்த்து, ஓர் எண்ணின் மேல் விரல் வைத்தார்.

“இது அதே மாதிரி இல்லியே. திருப்பிப் பாரும்மா.”

பார்த்தேன். ஒன்பதை நான் ஏழு என்று எழுதியிருந்தேன்.